இறங்கிக்கொண்டிருந்த எண்

கண்காணிப்புக் கேமரா எடுத்த படத்தில் சத்தம் இல்லை. திரையில் அவள் கணவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். தோள்பையைக் கொக்கியில் மாட்டினான். வீட்டுக்குள் நுழைந்ததும் விசிறியைப் போடுகிறவன்போல, திரும்பிக்கூடப் பார்க்காமல், சுவரிலிருந்த ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

"இந்த இடம்." பாதுகாப்பு அதிகாரி படத்தை நிறுத்தினார். "அறையில ஆக்சிஜன் குறைஞ்சா கத்தற அலாரம்மா இது. வந்ததும் முதல் வேலையா அதோட வாயை அடைச்சிட்டார்."

அவள் தலையாட்டினாள். பக்கத்து நாற்காலியில் கணவனின் அண்ணன் கைக்குட்டையைச் சின்னச் சதுரமாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

படம் ஓடியது. அவன் சுவரோரம் குனிந்து நைட்ரஜன் குழாயின் வால்வை இரண்டு கையாலும் திருகி முழுவதும் திறந்தான். பிறகு அறையின் நடுவிலிருந்த பெரிய கண்ணாடிப் பெட்டியின் அருகே வந்து நின்றான். பெட்டிக்குள்ளே கை விட்டு வேலை செய்வதற்கான கறுப்பு ரப்பர் கையுறைகள், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தால் வெளிப்பக்கம் பிதுங்கி நீட்டிக்கொண்டிருந்தன. பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட யாரோ கை நீட்டுவதுபோல இருந்தது. அவற்றுக்கு மேலே சுவரில் இரண்டு சின்னத் திரைகள். இரண்டிலும் பச்சை எண்கள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"வலது பக்கம் இருக்கறது அறையோட மீட்டர். சாதாரணக் காத்துல நூத்துக்கு இருபத்தொண்ணு ஆக்சிஜன் இருக்கணும். இப்ப பாருங்க. இருபது. பத்தொம்போது. அவர் அதையேதான் பார்க்கறார். நகரவே இல்ல."

அவன் நகரவில்லை. எண் இறங்க இறங்க அவன் முகத்தில் ஏதோ மெல்ல ஏறியது. முதலில் புருவம் தளர்ந்தது. அப்புறம் வாயோரம். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் சிரித்தான். வீட்டில் பல மாதமாகக் காணாமல்போயிருந்த சிரிப்பு. அது இங்கேதான் இருந்திருக்கிறது, பூமிக்கு அடியில், ஜன்னல் இல்லாத இந்த அறையில்.

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

"இது உங்களுக்குப் பண்ண கால்," என்றார் அதிகாரி. "என்ன சொன்னார்னு இன்னொரு தடவை சொல்ல முடியுமாம்மா?"

"'ஒருவழியா இறங்குது, பதிமூணு வந்திருச்சு'ன்னார். 'ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு லேசா இருக்கு'ன்னார். கொஞ்சம் குழறின மாதிரி இருந்துது. வாயில எதையோ போட்டு மென்னுக்கிட்டே பேசறார்னு நினைச்சேன்."

"என்ன இறங்குதுன்னு கேட்டீங்களா?"

"இல்ல. கடையில ஆள் நின்னாங்க. அப்புறம் பேசறேன்னு வெச்சிட்டேன்."

திரையில் அவன் போனைப் பைக்குள் போடத் தடுமாறி, இரண்டாம் முறை சரியாகப் போட்டு, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். கண்கள் எண்ணைவிட்டு விலகவில்லை. அதிகாரி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர். "மிச்சம் வேணாம்மா," என்றார்.

அதிகாரி மேசைமேல் இருந்த கோப்பைத் திறந்தார்.

"இத்தனை வருஷமா ஆக்சிஜனை அளக்கறதே வேலையா இருந்தவர். அந்த எண் என்ன சொல்லுதுன்னு அவருக்குத் தெரியாதா? கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கறவங்க வெளிக்குழாயோட வாயைப் பிளாஸ்டிக்கால கட்டி வெச்சிருந்தாங்க. நைட்ரஜன் வெளிய போக முடியாது, அறைக்குள்ளதான் திரும்பும். அறிவிப்பு சுத்துக்கு விட்டோம். அவரும் கையெழுத்துப் போட்டிருக்கார். கூட்டத்துல வேற 'இதுக்கு மேல என்னால முடியாது'ன்னு சொல்லியிருக்கார். எல்லாரும் கேட்டிருக்காங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் மூணு வாரத்துல விசாரணைக் குழு கூடுது. மன அழுத்தம்னு முடிச்சிடுவாங்க. உங்க பக்கம் கேள்வி ஏதாவது..."

"கேள்வி என்ன சார் கேள்வி," என்றார் அண்ணன். "முடிச்சு விடுங்க. போனவன் போயிட்டான்."

படியிறங்கும்போது அண்ணன் அவளுக்கு முன்னால் நடந்தார். திரும்பாமலே பேசினார். "சின்ன வயசுலயே அவன் அப்படித்தான்மா. வாயைத் திறக்க மாட்டான். உள்ளுக்குள்ளயே போட்டுப் புழுங்குவான். நீ உன்னைப் போட்டு வாட்டிக்காத."

"நான் ஒண்ணும் சொல்லலையே மாமா."

"அதைத்தான் சொல்றேன். நீயும் அவனை மாதிரியே ஆயிடாத."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் வசதியான கோபம், சாய்ந்துகொள்ளலாம்போல. சாகப்போகிறவன் எதற்கு எனக்குப் போன் பண்ணினான்? தன் கடைசி எண்களை எனக்கு எதற்கு எண்ணிக் காட்டினான்?

*

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி வேனில் யாரோ ஒரு வாயாடி, உங்கப்பா தானாகத்தான் செத்தார் என்று சொல்லிவிட்டிருந்தான். அன்று வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்: "அம்மா, அப்பாவுக்கு நம்மகூட இருக்கப் பிடிக்கலையா?"

மகள் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு, பதில் கிடைத்துவிட்டதுபோலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அதன்பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவேயில்லை. அதற்குப் பதிலாக நல்ல பிள்ளையாகிவிட்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். சொல்வதற்கு முன்பே துணியை மடித்தாள். "தண்ணி எடுத்துக்கட்டுமாம்மா?" என்று அனுமதி கேட்டாள், யாரோ வீட்டில் வந்து தங்கியிருக்கிறவள்போல. முன்பெல்லாம் சீப்பைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாக்குகிற பெண். இப்போது குளியலறைக் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினாள். அம்மாவுக்கு அது புரிந்துதான் இருந்தது. ஒருவரை இருக்கப் பிடிக்காமல் செய்துவிட்டோம், மிச்சம் இருக்கிறவளுக்காவது பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று இந்தக் குழந்தை தனக்குள் முடிவுகட்டியிருந்தாள். இதைவிட அவள் கத்தியிருக்கலாம்.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வேண்டும். பிடிக்கவில்லை என்றாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, நிஜமான ஒன்று. அது இல்லாமல் இந்தப் பெண் இப்படியே வளர்ந்து, இப்படியே யாரோ ஒருவன் வீட்டில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டு நிற்பாள்.

கணவனின் வேலையை அவள் தன் பாஷையில் புரிந்துவைத்திருந்தாள். கண்ணாடிமேல் மை பூசுகிற மாதிரிப் பூசிச் செய்கிற சூரிய மின்கலம். மொட்டைமாடிகளில் இருக்கிற பளபளப்பான பலகை இல்லை. பிளாஸ்டிக்குக்கு ஒன்றுவிட்ட உறவு, சுருட்டிக் கையில் எடுத்துப் போகலாம். வெயில் பட்டதும் அந்த மைக்குள் மின்சாரம் பிறக்கும். பிறந்தது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே செத்துப்போகும். அதற்கு வழி காட்டத்தான் துத்தநாக ஆக்சைடு. அதன் கரைசலை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, அதில் கண்ணாடித் துண்டைக் கவிழ்த்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத குச்சிகள் காடாக முளைக்கும். வெறும் துத்தநாகக் குச்சி மந்தம். நூற்றுக்கு ஒன்றிரண்டு அலுமினியம் கலந்தால் சுறுசுறுப்பாகிவிடும்.

"உங்க மருந்துக்கடையில ஒரே கவுன்ட்டர், வரிசை தெரு வரைக்கும் நிக்குது," என்பான். "நான் என்ன பண்றேன், இன்னொரு கவுன்ட்டரைத் திறந்து விடறேன். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி."

"இதுக்கா இத்தனை படிப்பு?"

"அந்த ரெண்டாவது கவுன்ட்டர்ல உக்கார ஆள் நிக்க மாட்டேங்குதே."

ஆய்வகத்தில் அவன் பெயர் துத்தநாகம். "துத்தநாகம் இருக்காரா?" என்று யாராவது வீட்டுக்குப் போன் பண்ணினால் மகள், "இருக்கார், ஆனா துருப்பிடிச்சுத் தூங்கறார்," என்பாள்.

கடைசி வருடத்தில் அந்த விளையாட்டுப் பேச்செல்லாம் நின்றுபோயிருந்தது. அவன் செய்த மின்கலங்கள் பிறக்கும்போது யாருடையதையும்விட நன்றாகப் பிறந்தன. சில நாளில் செத்தன. மைக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால்தான் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள், கையுறைகளுக்குள் கையை விட்டு, எல்லாவற்றையும் செய்ய வேண்டும். எங்கிருந்தோ ஆக்சிஜன் புகுந்தது. அவன் இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே எதிர்ச்சுவரைப் பார்ப்பான். அந்த முகத்தையும் திரையில் பார்த்த முகத்தையும் அவளால் ஒன்றோடொன்று பொருத்த முடியவில்லை.

*

ஒரு நாள் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். காய்ச்சல் மருந்து வாங்கிப் போனவள்தான். சிரப் போதவில்லை என்று திரும்ப வந்திருந்தாள். கவுன்ட்டரிலேயே நின்று குழந்தையின் அக்குளிலிருந்து வெப்பமானியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நூத்தி மூணு இருந்துது. நூறுக்கு வந்திருச்சு," என்றாள், யாரிடமும் இல்லாமல். சிரித்தாள்.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்றவளின் கையிலிருந்த பாட்டில் வழுக்கியது.

புருவம் தளர்ந்து, பிறகு வாயோரம். அதே சிரிப்பு. போகிறவர்கள் சிரிக்கிற சிரிப்பில்லை அது. இறங்க வேண்டிய எண் ஒன்று இறங்கிவிட்டதைப் பார்க்கிறவர்களின் சிரிப்பு.

மதியம் விடுப்புச் சொல்லிவிட்டு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனாள். அவனோடு வேலை செய்த பெண்ணைத் தேடினாள். மின்கலங்களின் மேல் வெள்ளிப் பூச்சுப் போடுவது அவள் வேலை. அதனால் அவளுக்கு வெள்ளி என்றே பெயர். அவனை அண்ணா என்பாள், இவளை அண்ணி என்பாள். இறுதிச் சடங்கில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் பேசாமல் போனவள், அதன்பின் வீட்டுப் பக்கமே வரவில்லை.

கட்டடத்தின் பின்புறம், உடைந்த மேசைகளும் காலி வாயு உருளைகளும் கிடக்கும் இடத்தில் வெள்ளி தனியாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்னைப் பேச வேணாம்னு சொல்லியிருக்காங்க அண்ணி. குழு முடியற வரைக்கும்."

"பேச வேணாம். அவர் என்ன வேலை பண்ணுவாரோ அதைப் பண்ணிக் காட்டு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"பார்த்து என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல. உன் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார்னு உனக்கு ஒரு ஊமைப் படம் போட்டுக் காட்டினா நீ என்ன பண்ணுவ?"

வெள்ளி பிஸ்கட் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "எனக்கு இன்னும் வீட்டுக்காரரே வரல. வாங்க."

அவன் இறந்த அறை பூட்டிக் கிடந்தது. வெள்ளி அவளை மேல்மாடியில் இன்னொரு பெட்டி இருந்த அறைக்கு அழைத்துப் போனாள். இங்கே ஜன்னல் இருந்தது. அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வெள்ளி வேலையைத் தொடங்கினாள். ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். யாரோ மூச்சு விட்டதுபோல அதன்மேல் ஒரு மங்கல்.

"இது அண்ணா வளர்த்தது. அந்த மங்கல் இருக்கு பாருங்க, அது காடு. மைக்ராஸ்கோப்ல பார்த்தா ஆறு பட்டை பென்சில் லட்சக்கணக்குல சீவாம நிக்கும். அலுமினியம் கொஞ்சம் கூடிப்போச்சுன்னா பென்சில் பென்சிலா நிக்காது, கூழாயிடும். இவ்வளவு நேரா யாருக்கும் வராது. அண்ணா கைக்குத்தான் வரும்."

துண்டைப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த, இரண்டு கதவு வைத்த சின்ன அறைவழியாக உள்ளே அனுப்பினாள். தோள்வரை கையுறைகளுக்குள் கையை விட்டாள். ரப்பர் விரல்கள் உயிர்பெற்றன. உள்ளே துண்டை ஓர் ஓரத்தில் வைத்தாள். கையை உருவிக்கொண்டு பெட்டியின் மேலிருந்த திரையை அண்ணாந்து பார்த்தாள்.

"கதவு திறந்து மூடினா ஆக்சிஜன் கொஞ்சம் உள்ள வந்திரும். வேலையை ஆரம்பிக்கணும்னா எண் ஒண்ணுக்குக் கீழ வரணும். அதுவரைக்கும் நிக்கணும், அவ்வளவுதான்."

எண் எட்டில் இருந்தது. ஏழு. அவள் வெள்ளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எண்ணை அல்ல. களைத்த முகம், கண்ணடியில் கருவளையம். நாலு. பக்கத்தில் ஒருத்தி நின்று பார்ப்பதையே வெள்ளி மறந்துவிட்டாள். கைகள் தாமாகப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. இரண்டு. புருவம் தளர்ந்தது. ஒன்று. வாயோரம் விரிந்தது.

"எதுக்குச் சிரிக்கற?"

வெள்ளி திடுக்கிட்டாள். "நானா?"

"இப்பச் சிரிச்ச."

"தெரியல அண்ணி. எண் இறங்கினா... எங்களுக்கு அப்படித்தான். ஆக்சிஜன் இறங்குதுன்னா அன்னைக்குப் பொழுது நல்ல பொழுது."

"அவரும் சிரிச்சார். படத்துல. இருபதுல இருந்து இறங்க இறங்க, இதே மாதிரி கையைக் கட்டிக்கிட்டு..."

"எதுல இருந்து?"

"இருபது. அறை மீட்டர்ல."

வெள்ளி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"படத்தை எனக்குக் காட்டவே இல்ல அண்ணி. அலாரத்தை அடைச்சார், வால்வைத் திறந்தார்னு மட்டும்தான் சொன்னாங்க. நானும்... நானும் அவங்க சொன்ன மாதிரியேதான் நினைச்சேன். அதான் உங்க வீட்டுக்கு வரல. உங்க முகத்தைப் பார்த்து என்ன சொல்றது?" அவள் கீழ்த்தளம் இருக்கும் பக்கம் கை காட்டினாள். "எங்க பாக்ஸ் அந்த வாரம் முழுக்க இருபதுலயே நின்னுது. கையுறையில எங்கயோ ஊசி ஓட்டை. என்ன பண்ணியும் இருபதை விட்டு இறங்கல. அண்ணா அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வெறுத்துப்போய், கூட்டத்துல 'இதுக்கு மேல முடியாது'ன்னார். நைட்ரஜனை முழுசாத் திறந்து விட்டு ஒரு அலசு அலசிப் பார்க்கறேன்னு முந்தின நாள் எங்கிட்டதான் சொன்னார்."

"ஆனா அவர் பார்த்தது அறை மீட்டர்."

"அது கதவுக்கு வெளியதான் இருந்துது எப்பவும். பெயின்ட் அடிக்கறதுக்காகக் கழட்டி, உள்ள கொண்டு போய் பாக்ஸ் மீட்டருக்குப் பக்கத்துலயே மாட்டிட்டாங்க. ஒரே கம்பெனி, ஒரே பச்சை எழுத்து. பாக்ஸ்ல இருபதுன்னா பத்து லட்சத்துல இருபது. அறையில இருபதுன்னா நூத்துல இருபது. வெறும் எண்ணைப் பார்த்தா ரெண்டும் இருபதுதானே அண்ணி? ஒண்ணு நின்னுது, ஒண்ணு இறங்குச்சு. வாரம் முழுக்க இறங்காதா இறங்காதான்னு பார்த்தவர், இறங்கறதைத்தானே பார்ப்பார்?"

ஜன்னல் வழியே கீழே யாரோ வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது.

"அலாரம்?"

"அது வாயு உருளை மாத்தும்போதெல்லாம் கத்தும். காது கிழியும். உள்ள வந்ததும் எல்லாருமே அடைப்போம். நான், அண்ணா, டைரக்டர் வந்தாலும் அடைப்பார்."

"அந்தக் கையெழுத்து?"

"படிச்சுட்டா போடறோம் அதையெல்லாம்?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இத்தனை நாளும் நெஞ்சில் மாட்டியிருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. நிம்மதி வரும் என்று அந்த ஒரு கணம் காத்திருந்தாள்.

"பதிமூணுன்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். "உடம்புக்கு."

வெள்ளி பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பயிற்சியில சொல்லிக்கொடுப்பாங்க. முதல்ல ஒரு சந்தோஷம் வரும். லேசா இருக்கும். குடிச்ச மாதிரி நாக்கு குழறும். அப்புறம் யோசிக்க முடியாது. தனக்கு யோசிக்க முடியலன்னே தெரியாது."

"அந்த நேரத்துல யாராவது வெளிய வான்னு கூப்பிட்டிருந்தா?"

வெள்ளிக்குப் போன் விஷயம் தெரியாது. அதனால் உடனே சொன்னாள்: "வந்திருப்பார். கதவு நாலு எட்டுதானே. திறந்தாலே போதும்."

அவள் தலையாட்டினாள். வெப்பமானியைப் பார்த்துச் சிரித்த பெண்ணிடம் போய், திரும்பிப் போய்விடு, என் கடைக்கு வராதே என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அவனாகப் போனான் என்று இருந்தவரை, அவன் போனது அவன் கையில் இருந்தது. அந்தப் போன் வெறும் விடைபெறல். இப்போது அது வேறாகிவிட்டது. கணவன் மூச்சுத் திணறிக்கொண்டே, திணறுவது தெரியாமல், தன் நல்ல செய்தியை முதலில் அவளிடம்தான் சொல்லியிருக்கிறான். என்ன இறங்குது என்று ஒரு வார்த்தை. குழறுதே, என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை.

இந்தப் பதிலை மகளுக்குக் கொடுக்க வேண்டுமானால் அதோடு ஒட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

*

குழு கூடியது. வெள்ளி தானாகவே போய்ப் பேசினாள், வேலை போனாலும் போகட்டும் என்று. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர் மட்டும், "இத்தனை வருஷ அனுபவம் உள்ளவர் ரெண்டு மீட்டரைக் குழப்பிக்கிட்டார்ங்கறீங்களா?" என்று கேட்டார். வெள்ளி, அனுபவம் இருந்ததால்தான் குழம்பினார் என்றாள். அது அவர்களுக்குப் புரியவில்லை. மாற்றுக் கருத்து பதிவு செய்யப்பட்டது. அறிக்கை மாறவில்லை. அறை மீட்டரை மட்டும் மறுநாளே கழற்றிப் பழையபடி கதவுக்கு வெளியே மாட்டினார்கள்.

கணவனின் அண்ணன் வெளித் தாழ்வாரத்தில் அவளை நிறுத்தினார்.

"எதுக்கும்மா இது? மனசு உடைஞ்சு போனான்னா நாலு பேர் ஐயோ பாவம்பான். எண்ணைத் தப்பாப் பார்த்துச் செத்தான்னா சிரிப்பான். என் தம்பி முட்டாளா?"

"இல்ல மாமா."

"அப்ப?"

"அவருக்கு எங்களைப் பிடிக்கும். அதைச் சொல்லணும்னா வேற வழியில்ல."

அவர் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டார். அவர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல்முறை. முட்டாள் என்கிற சொல்லுக்கு அழுகிறாரா, தம்பிக்கு அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் மகள் சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே.

"அதைக் கீழ வை. இங்க வா."

மகள் துணியை மடித்து வைத்துவிட்டு வந்தாள். எதிரே உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா சொன்னாள். இரண்டு திரைகள், ஒரே பச்சை எழுத்து, நின்ற எண், இறங்கிய எண். அப்பா எதற்கு அலாரத்தை அடைத்தார், எதைப் பார்த்துச் சிரித்தார். சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொல்லும்போது மகளின் முகத்தில் முதலில் எதுவும் மாறவில்லை.

"அப்ப அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. வேலை முடிச்சு வீட்டுக்கு வந்திருப்பார்."

"கணக்குல ஒரு புள்ளியை விட்டா எனக்குத் தலையில குட்டுவாரு. அவரே எதுல எத்தனைன்னு பார்க்கலையா?"

"பார்க்கல."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பா சின்னவராகிவிட்டதையும், திரும்பி வந்துவிட்டதையும் ஒரே நேரத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாதவள்போல இருந்தாள். இத்தோடு நிறுத்திவிடலாம் என்று அம்மாவுக்குத் தோன்றியது. குழந்தை கேட்கவில்லை. கேட்காமலே போகலாம்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள். "அப்பா அப்ப எனக்குப் போன் பண்ணார். அந்த எண்ணைச் சொன்னார். நாக்கு குழறுச்சு. நான் என்னன்னு கேட்கல. கேட்டிருந்தா, வெளிய வாங்கன்னு சொல்லியிருந்தா, வந்திருப்பார்."

மகள் அவளைப் பார்த்தாள்.

"ஏன் கேட்கல?"

"கடையில ஆள் நின்னாங்க."

நாற்காலி பின்னால் விழுந்தது. மகள் எழுந்ததை அவள் பார்க்கவில்லை, விழுந்த சத்தம்தான் கேட்டது. "நீ கேட்டிருக்கணும்!" தெருவுக்கே கேட்கிற குரல். "உனக்கு எப்பவும் கடைதான்! அப்பா பேசினா உம் உம்னே சொல்லிட்டு வெப்ப! நீ கேட்டிருக்கணும்!" உள்ளறைக் கதவு சட்டம் அதிர அறைந்து மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே ஏதோ உடைந்தது. பிறகு அழுகை, அடக்காத, மூக்கை உறிஞ்சுகிற, சின்னக் குழந்தையின் அழுகை.

அம்மா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். சமாதானம் சொல்லவில்லை. மகள் இனி எத்தனை நாள் இப்படிக் கத்துவாள், எத்தனை வருடம் இதை நெஞ்சில் வைத்திருப்பாள் என்று தெரியாது. ஆனால் உள்ளே இருப்பவள் இப்போது அனுமதி கேட்டு அழவில்லை.

வெளிச்சம் போனது. விளக்கைப் போட யாரும் எழவில்லை. அழுகை விக்கலாகி, விக்கலும் ஓய்ந்தபிறகு, கதவின் அடியிலிருந்து குரல் வந்தது. மகளும் அந்தப் பக்கம் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கடையில யார் நின்னா?"

"யாரோ ஒரு அம்மா. பேர் தெரியாது."

"என்ன வாங்கினாங்க?"

"இருமல் மிட்டாய்."

மறுபக்கம் மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"எத்தனை?"

"ரெண்டு," என்றாள் அம்மா.